இரண்டாவது குரல்

மதினி என் வீட்டில் இருந்த மூன்று வருஷமும் நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். இதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கீழே தெருவில் ஒரு வண்டி வந்து நின்றால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். வண்டி கிளம்பிய பிறகுதான் திரும்ப எடுப்பேன். ஒரே அறையில் கூட இருக்கிறவருக்கு இது போதாதா?

மதினி என் காக்காவின், அதாவது அண்ணனின், மனைவி. காக்கா மௌத்தாகி அடக்கம் பண்ணிப் பல வருஷமாகிறது. மதினி இங்கே பர்மாவில், கியாக்தான் ஊரின் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தார். ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம் வேலைக்குப் போகமாட்டோம் என்று நின்ற டீச்சர்களில் அவரும் ஒருவர். நின்றவர்களில் சிலர் பிறகு திரும்பிப் போனார்கள். மதினி போகவில்லை. தன்னைத் தேடுகிறார்கள் என்று தெரிந்த அன்று ஒரு துணிப்பையோடு யங்கோனுக்கு பஸ் ஏறி என் வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு வாரம் புள்ள. அதுக்குள்ள ஒரு வழி பாத்துக்கறேன்" என்றார். நானும் ரெண்டு வாரம்தானே என்றுதான் கதவைத் திறந்தேன்.

இங்கே யார் வீட்டில் யார் ராத்தங்கினாலும் வார்டு ஆபீசில் விருந்தாளிப் பதிவு கொடுத்தாக வேண்டும். மதினியின் பெயரை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? கொடுத்தால் அவரைப் பிடிப்பார்கள். கொடுக்காமல் மாட்டிக்கொண்டால் என்னையும் சேர்த்துப் பிடிப்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் கொடுக்கவில்லை. இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வார்டு ஆபீஸ் படியேறப் பயம், அவ்வளவுதான்.

என் வீடு யங்கோனில் கியாக்டடா என்ற பகுதியில், ஒடுக்கமான ஒரு தெருவில், நாலாம் மாடி. நீளமாக ஒரே அறை. முன்னால் பால்கனி, கடைசியில் குளியலறை, ஒரே ஒரு வாசல். இந்த ஊர் மாடி வீடுகளில் எல்லாம் இருப்பதுபோல் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். மேல் நுனியில் ஒரு மணி. கீழே வருகிறவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். கீழ்க்கதவுச் சாவியைக் கயிற்றில் மாட்டி இறக்குவோம். மதினி வந்த பிறகு அந்த மணியைக் கழற்றிவிடலாமா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கழற்றினால் ஏன் கழற்றினாய் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.

நான் செய்யும் வேலையைப் பற்றிச் சொன்னால் என் உறவுக்காரர்களே நம்பமாட்டார்கள். கடல் தாண்டி ஒரு குழு பெரிய அகராதி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. பழைய அச்சுச் சீட்டுகளை யாரோ கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புவார்கள். அச்சில் இருப்பதும் அடித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று ஒத்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. பின்லாந்து, எஸ்தோனியா பக்கத்துப் பாஷைகள் ஒரு கட்டு. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துக் கேலிக் பாஷைகள் இன்னொரு கட்டு. ஒரே வார்த்தை இந்த இரண்டு கூட்டத்திலும் இருந்தால், எங்கே என்ன அர்த்தம், எப்படி உருபு ஏற்கிறது என்று ஒரு சீட்டில் வந்துவிடும்.

இதில் ஒரு பாஷைகூட எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் என்னை எடுத்தார்கள். தெரிந்தவர் பிழை இருந்தாலும் மனசுக்குள்ளேயே திருத்திப் படித்துக்கொண்டு போய்விடுவார். தெரியாதவருக்குத்தான் எழுத்து எழுத்தாகக் கண்ணில் படும். மடமைக்குச் சம்பளம் கிடைக்கிற ஒரே வேலை இதுதான் என்று நான் சொல்லுவேன்.

ஆனால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. ஒருவர் அச்சைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் திரையைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்ட வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் பத்துச் சீட்டுக்குள் கண் ஏமாற்ற ஆரம்பித்துவிடும். என்னோடு முதலில் உட்கார்ந்த பெண் தாய்லாந்துக்குப் போய்விட்டாள். மதினி வந்த மூன்றாம் நாளே அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சும்மா உக்காந்து உன் சோத்தத் தின்னா எனக்கு செரிக்காது. நான் படிக்கிறேன், நீ பாரு."

ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும், முப்பது பிள்ளைகள் எழுதி முடிக்கக் காத்திருப்பதைப்போல் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போவார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதிரில் இருப்பவரைப் போலவே பேசிக் காட்டுவது. மதினியின் டீச்சர் குரலை அவர் முகத்துக்கு நேரேயே பேசிக் காட்டுவேன். "உங்க வாப்பா உன்ன நாடகத்துல விட்டிருக்கணும்" என்று சிரிப்பார். அந்த வீட்டில் பயமில்லாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

இந்தப் பாஷைகளில் சில எழுத்துக்குத் தலையில் இரண்டு புள்ளி இருக்கும். சிலவற்றுக்குச் சாய்வாக ஒரு கோடு. ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அதற்கு மதினி ஒரு வழி கண்டுபிடித்தார். புள்ளிக்கு இரண்டு தட்டு, கோட்டுக்கு ஒரு தட்டு. முதலில் மேஜையில்தான் தட்டினார். கரண்ட் இல்லாத நேரத்தில் தெரு முழுக்க ஜெனரேட்டர் ஓடும். அந்த இரைச்சலில் மேஜைத் தட்டு என் காதில் விழவில்லை. ஒருநாள் எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து வைத்து டீஸ்பூனால் தட்ட ஆரம்பித்தார். கணீரென்று கேட்டது.

யங்கோனில் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. பேயை விரட்டச் சட்டி பானையைத் தட்டுவது இந்த ஊர் வழக்கம். ராணுவம் ஆட்சிக்கு வந்த வருஷம் இரவு எட்டு மணியானால் ராணுவத்தை விரட்ட ஊரே தட்டியது. பிறகு தட்டிய வீடுகளைத் தேடி வந்தார்கள். அதற்கப்புறம் எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது கரண்டி கை தவறி விழுந்தால்கூட பேச்சு நின்றுவிடும். அப்படிப்பட்ட தெருவில், நிழலைக் கண்டால் நடுங்குகிற நான், தம்ளரைத் தட்ட விட்டேன். ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்தேன்.

"மெல்ல, மதினி."

"இதுக்கு மேல மெல்லத் தட்டினா உனக்கே கேக்காது, புள்ள."

மதினிக்கு எழுத்தைப் படிப்பதோடு ஆசை தீரவில்லை. வகுப்பு போய்விட்ட டீச்சர். சீட்டில் இருக்கிற இலக்கணத்தையெல்லாம் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதுவார். அவர் அதிகம் ரசித்தது 'முன' என்ற சீட்டைத்தான். மூன்றாம் வருஷம் ஒருநாள் காலையில் அதைத்தான் ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்லாந்தில் முன என்றால் முட்டை. முனன் என்றால் முட்டையின். முனஸ்ஸ என்றால் முட்டையில். முனஸ்த என்றால் முட்டைக்குள்ளிருந்து. வாலில்தான் எல்லாம் ஒட்டுகிறது. "நம்ம வேற்றுமை உருபேதான்! எங்கயோ பனிக்குள்ள கெடக்கிறவனுக்கு நம்ம புத்தி எப்படி வந்துச்சு?" என்று மதினி தொடையைத் தட்டினார். எஸ்தோனியாவிலும் முன முட்டைதான். ஆனால் முட்டை, முட்டையின், முட்டையை, மூன்றுக்கும் வெறும் முன. "இங்க புள்ளைங்க ஒருத்தன்கூட ஃபெயிலாக மாட்டான்" என்றார்.

அயர்லாந்தின் சில பக்கங்களிலும் அதே முன இருக்கிறது. அங்கே முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'இல்லாவிட்டால்' என்று அர்த்தம். அதற்குப் பிறகு வருகிற வினைச்சொல்லின் வாலை அது தொடுவதில்லை; தலையில் கை வைக்கிறது. 'ஃப' என்று தொடங்கும் சொல்லுக்கு முன்னால் வேறு எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய எழுத்து தாளில் அப்படியே இருக்கும், ஆனால் வாயில் வராது.

"எழுத்து இருக்கு, சத்தம் இல்ல" என்று மதினி கட்டத்தில் குறித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு நேர்மாறு. சத்தம் இருக்கு, பதிவுல ஆள் இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "படிங்க மதினி" என்றேன்.

முட்டைச் சீட்டின் அடியில் கூட்டுச்சொற்கள் வரிசையாக இருந்தன. அதில் பண்டிகை முட்டைக்கு நீளமாக ஒரு பெயர். அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே தலையில் புள்ளி வைத்த எழுத்து மூன்று. மதினி அதைத் தொடங்கிய நேரம் கரண்ட் வந்தது. தெருவில் ஜெனரேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஊர் திடீரென்று ஊமையானது. மதினி திரும்பிப் பார்க்காமல் ஆறு தட்டும் தட்டி முடித்தார். எதிர்வீட்டுச் சுவரில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்ததை நான் கேட்டேன். எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் தம்ளரைப் பிடுங்கிப் படுக்கைக்கு அடியில் தள்ளினேன். "ஒண்ணும் ஆகாது, இரு" என்றார் மதினி. ஒரு மணி நேரம் எதுவும் ஆகவில்லை. மத்தியானத் தொழுகைக்கு, லுஹருக்கு, பாங்கு சொன்னார்கள். தொழுதோம். சோறு போட்டுக்கொண்டு உட்காரப்போகிற நேரம் மணி அடித்தது.

பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வார்டு தலைவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் துப்பாக்கியோடு ஓர் ஆள். சாவியை நான் இறக்காமல் இருக்க முடியாது. கயிற்றில் மாட்டி இறக்கினேன். திரும்பினேன், மதினி தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். ஓடவில்லை. நான்கு மாடி ஏறி வருகிற பூட்ஸ் சத்தத்தை எண்ணிக்கொண்டே நான் கலிமா சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் பர்மிய மொழியில்தான் பேசினோம். வார்டு தலைவரை நான் 'ஊலே' என்றுதான் கூப்பிடுவேன், மாமா என்கிற மாதிரி. அவர் என்னை 'அமா' என்பார், அக்கா என்கிற மாதிரி. எனக்கு அவரைவிட வயது குறைவுதான், அது ஒரு மரியாதை. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அமா, இங்கே எதையோ தட்டுகிறார்களாம்."

"வேலை, ஊலே" என்று நான் சீட்டைக் காட்டி, புள்ளிக்கு எதற்குத் தட்டுகிறேன் என்று விளக்கினேன்.

"இரண்டு பொம்பிளைக் குரல் கேட்கிறதென்று சொல்கிறார்களே. ஒருத்தி சொல்கிறாள், ஒருத்தி ம் கொட்டுகிறாள். தினமும்."

அந்த நேரத்தில் எனக்கு யோசிக்க மூளை இல்லை. வாய்தான் பேசியது. "இரண்டும் நான்தான்."

"எப்படி?"

"நானே படிப்பேன், நானே பார்ப்பேன். ஒரே குரலில் படித்தால் தூக்கம் வந்துவிடும். அதனால் மாற்றி மாற்றி."

"எங்கே, செய்து காட்டுங்கள்."

படுக்கைக்கு அடியிலிருந்து தம்ளரை எடுத்தேன். அதை அங்கே ஏன் வைத்திருந்தாய் என்று நல்லவேளை அவர் கேட்கவில்லை. சீட்டை எடுத்தேன். மதினியின் குரலில் படித்தேன். எம். யு. என். ஏ. ஒவ்வொன்றுக்கும் நடுவில் முப்பது பிள்ளைகளுக்காகக் காத்திருந்தேன். பிறகு என் குரலில் "ம்" என்றேன். பண்டிகை முட்டை வந்தது. தட்டினேன். ஆறு தடவை. பத்தடி தள்ளி, சாத்திய கதவுக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியிருந்த மதினி தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

வார்டு தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன வார்த்தை இது?"

"ஓர் ஊரில் முட்டை, ஊலே. இன்னோர் ஊரில் 'இல்லாவிட்டால்'."

"முட்டை இல்லாவிட்டால் மொகிங்கா ருசிக்காது" என்று அவர் காலை மீன் நூடுல்ஸை இழுத்துத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு யாருக்கும் வரக் கூடாது.

துப்பாக்கிக்காரர் சிரிக்கவில்லை. அறையின் கடைசிவரை நடந்தார். குளியலறைக் கதவைத் தள்ளினார். மதினி தாழ்ப்பாள் போடவில்லை. தனியாள் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் சந்தேகத்துக்கு அதுவே போதுமே. கதவு பாதி திறந்தது. உள்ளே விளக்கு இல்லை. அவர் நின்றார். நான் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தலையைத் தூக்கினால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அவர் திரும்பி வந்து வாசலில் நின்றுகொண்டார்.

போகும்முன் வார்டு தலைவர் ஒரு தாளில் எழுதச் சொன்னார். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், வேறு யாரும் தங்குவதில்லை, தங்கியிருப்பது தெரிந்தால் முழுப்பொறுப்பும் நானே. எழுதினேன். கையெழுத்தும் கைநாட்டும் இரண்டுமே வாங்கிக்கொண்டார். "நல்ல குரல் அமா, ரேடியோவில் பேசலாம். ஆனால் தட்டாதீர்கள்" என்றார்.

பூட்ஸ் சத்தம் கீழே இறங்கி முடிந்த பிறகும் மதினி வெளியே வரவில்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை. நான் செய்த முதல் காரியம், மதினியின் காலண்டர் தாள்களை வாரி வாளித் தண்ணீரில் போட்டது. அதில் இருந்தது அவர் கையெழுத்து. மூன்று வருஷக் கட்டங்கள். மை கரைந்து தண்ணீர் நீலமானது. எப்போது வந்து நின்றாரோ தெரியாது, திரும்பினால் மதினி ஈரப் புடவையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா முக்கு புள்ள. மேலால மெதக்குது பாரு" என்றார். அவரே குனிந்து கையால் அமுக்கினார்.

மறுநாள் காலை சுபுஹு தொழுதுவிட்டுத் துணிப்பையைக் கட்டினார். டாலாவில் அவர் வழி உறவில் ஒரு வீடு இருந்தது, ஆற்றுக்கு அக்கரையில். "நீ கைநாட்டு வச்சிட்ட. இனி நான் இங்க இருந்தா என்னைய மட்டுமில்ல, உன்னையும் தூக்கிருவாங்க."

"இருங்க மதினி" என்றேன்.

நம் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவரை ஒரு பேச்சுக்காவது மூன்று தடவை இருக்கச் சொல்வார்கள். இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவைக்கு உட்காருவது முறை. நான் ஒரு தடவை சொன்னேன். மதினி கொஞ்ச நேரம் நின்றார். எனக்குப் புரிந்தது. என் வாய் திறக்கவில்லை.

படிக்கட்டுத் திருப்பம்வரை போனேன். அதற்குக் கீழே போனால் யாராவது பார்த்துவிடுவார்களே. அவர் தனியாகத்தான் இறங்கிப்போனார். அன்றைக்கு நான் அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. மத்தியானம் படுத்தவள் சாயங்கால அஸர் பாங்குக்குத்தான் எழுந்தேன். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. எழுந்த பிறகுதான் வெட்கம் வந்தது.

வேலையைத் தனியாகத் தொடர்ந்தேன். தட்டாமல், வாய்க்குள்ளேயே முணுமுணுத்தபடி. பிழைகள் நழுவின. இருந்தாலும் ஒருவழியாகக் கட்டுகள் முடிந்தன. சில மாதம் கழித்து அந்தக் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அகராதி தயாராகிவிட்டது, முன்னுரையின் கடைசியில் உழைத்தவர்கள் பெயரைப் போடுகிறோம், உங்களோடு இன்னொருவர் படித்தாரே, அவர் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று முன்பொரு தடவை நானே எழுதியிருந்தேன். அதை நினைவு வைத்துக் கேட்கிறார்கள்.

ஒரு நாள் முழுக்கப் பதில் எழுதவில்லை. மதினியின் பெயர் ஐந்து எழுத்துதான். அடித்துப் பார்த்தேன். புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் திறப்பார்கள் என்று நினைத்தேன். உடனே அழித்தேன். 'இன்னொருவர் யாரும் இல்லை. இரண்டு குரலும் நானே' என்று எழுதி அனுப்பினேன். வார்டு தலைவரிடம் சொன்ன அதே வாக்கியம். அனுப்பிய பிறகுதான் உறைத்தது: இப்போது என்னிடம் கேட்டவர் கையில் துப்பாக்கி இல்லை.

டாலாவுக்குப் படகில் பத்து நிமிஷம். படகுத்துறையில் அடையாள அட்டையைப் பார்க்கிறார்கள் என்பதால் நான் இன்னும் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மதினி யாருடைய போனிலிருந்தாவது கூப்பிடுவார். ஓரிரண்டு வார்த்தைதான். போன வாரமும் கூப்பிட்டார். உடம்பு எப்படி, சோறு தின்னியா என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"அந்த அகராதி வந்துருச்சா, புள்ள? நம்ம ரெண்டு பேரு பேரும் போடுவாங்களா? சும்மாதான் கேட்டேன். பாக்கணும்னு ஆச."

"இன்னும் வரல மதினி" என்றேன். அது வந்து பத்து நாளாகியிருந்தது.